என் ஐந்து நாள் தாடி

கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும், ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் தங்க வேண்டியிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது கர்ப்பப்பை இல்லை, மோவாய். ஐந்து நாள்! ஐந்து நாளில் என் மோவாயில் என்னென்ன முளைக்கும் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். பக்கத்து நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. கல்யாணமாகிப் பதினாறு வருஷமாக அவருக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். நான் பயத்தில் வெளுத்துவிட்டேன் என்று நினைத்து டாக்டரம்மா, "பயப்படாதீங்கம்மா, இப்பல்லாம் இது சாதாரணம்" என்றார். அட போங்கம்மா, உங்கள் கத்திக்கு யார் பயந்தார்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

சொல்லிவிடுகிறேன். எனக்குத் தாடி முளைக்கும். மீசையும் உண்டு, ஆனால் அது பரவாயில்லை, பூனைமுடி. தாடிதான் வில்லன். மோவாய்க்கு அடியில் இரண்டு பக்கமும் கறுப்பாக, தடிப்பாக, எண்ணினால் நாற்பது ஐம்பது தேறும். பத்தொன்பது வயதில் மூன்று முடியாக ஆரம்பித்தது. செய்யூர்ப் பக்கம் வேர்க்கடலை போடுகிற குடும்பம் எங்களுடையது. என் அம்மாவுக்கு எல்லா வியாதிக்கும் ஒரே மருந்து மஞ்சள். "குண்டு மஞ்சள ஒரசி அழுத்தித் தேய்டி, வேரோட பூடும். கத்திய மட்டும் வெச்சிடாத, கோரை மாதிரி மொளைக்கும்" என்றாள். தேய்த்தேன். கறுப்புத் தாடி மஞ்சள் தாடியானது.

பிறகு கல்யாணம். அதற்கப்புறம் டாக்டர், ஸ்கேன், மாத்திரை. ஹார்மோன் கோளாறு என்று பெயர் வைத்தார்கள். குழந்தை இல்லாததற்கும் அதுதான் காரணம், தாடிக்கும் அதுதான் காரணம் என்றார்கள். முதல் சேதியை வீட்டுக்காரரிடம் சொன்னேன். இரண்டாவதைச் சொல்லவில்லை. ஒரே நாளில் ஒரு மனுஷனுக்கு எவ்வளவுதான் சொல்வது? இன்னொரு நாள் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். தள்ளிப்போடுவதில் நான் கெட்டிக்காரி.

அவருக்குக் கேளம்பாக்கத்தில் டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. எனக்குப் படூரில் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் நூலகர் வேலை. பையன்கள் புத்தகத்துக்காக அல்ல, ஏசிக்காக வருகிற நூலகம் அது. குடியிருப்பதும் படூரிலேயே, மூன்றாவது மாடி ஃபிளாட்டில். அவர் அதிகம் பேச மாட்டார். கடையில் நாள் முழுக்க பிரேக் கேபிளையும் கிளட்ச் ஒயரையும் பற்றிப் பேசிவிட்டு வருவதால் வீட்டில் பேச ஒன்றும் மிச்சமில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆரம்பத்தில் கேளம்பாக்கத்தில் ஒரு பியூட்டி பார்லருக்குப் போனேன். நூலை வைத்துப் பிடுங்குவார்கள். வலியைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அங்கே இருந்த பெண்ணின் தொண்டையைத்தான் தாங்க முடியவில்லை. பத்துப் பேர் காத்திருக்கும்போது, "அக்கா, ஐப்ரோ மட்டுமா, தாடியும் சேத்தா?" என்று கேட்டாள் மகராசி. ரோட்டில் ஷேர் ஆட்டோவில் போனவனுக்கே கேட்டிருக்கும். அதோடு அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

அடுத்தது திருட்டு. வீட்டுக்காரர் அவசரத்துக்கு வாங்கி வைத்திருக்கும் தூக்கிப்போடுகிற ரேசரை எடுத்து, தண்ணீர்கூடத் தொடாமல், கீழிருந்து மேலாகப் பரபரவென்று இழுத்தேன். இரண்டு நாளில் மோவாய் முழுக்க கடுகு தாளித்த மாதிரி கொப்புளம். முடி வெளியே வராமல் தோலுக்குள்ளேயே சுருண்டு வளர்ந்திருந்தது. காலேஜில் கேட்டவர்களிடம் கத்திரிக்காய் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். அதன்பின் ஆறேழு வருஷம் எந்த விருந்திலும் எனக்குக் கத்திரிக்காய் பரிமாறவில்லை. எனக்குக் கத்திரிக்காய் என்றால் உயிர்.

பிறகு கொரோனா வந்தது. ஊரே மாஸ்க் போட்டு மூச்சு முட்டிக்கொண்டிருந்தபோது நான் மட்டும் நிம்மதியாக மூச்சு விட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை. எல்லோரும் மாஸ்க்கைக் கழற்றிவிட்ட பிறகும் ஒரு வருஷம் போட்டுக்கொண்டு திரிந்தேன். காலேஜில் என்னைப் பெரிய பொறுப்புசாலி என்று பாராட்டினார்கள். ஒரு நாள் பிரின்சிபாலே, "மேடம், இனிமே வேண்டாம், மூச்சு விடுங்க" என்று சொல்லிவிட்டார். அதன்பிறகுதான், இனி ஒளிந்துகொள்ள இடமில்லை, ஒழுங்காக சவரம் கற்றுக்கொள்ள வேண்டியதுதான் என்று முடிவு செய்தேன்.

செல்போனில் தேடியதில் ஒரு குழு அகப்பட்டது. பழைய முறைப்படி பிரஷ்ஷால் நுரை கட்டி, ஒற்றை பிளேடு போட்ட இரும்பு ரேசரால் சவரம் செய்கிற ஆண்கள் குழு. எல்லாம் நம் பக்கத்து ஆட்கள், கேளம்பாக்கத்திலிருந்து மாமல்லபுரம் வரை. நான் பெயருக்குப் பதில் ஒற்றை எழுத்தும், படத்துக்குப் பதில் கலங்கரை விளக்கமும் வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தேன். "வா மச்சான்" என்று வரவேற்றார்கள். குழுவின் அட்மின் ஐடி கம்பெனியில் வேலை பார்ப்பவர், என்னைவிடப் பத்து வயது இளையவர். நான் கொப்புளப் பிரச்சனையைச் சொன்னதும், "அண்ணாத்த, உன் மூஞ்சிய நீ பகையாளி மாதிரி டீல் பண்ணிகினு கீற. அதான் மேட்டரு" என்று எழுதினார். அவ்வளவு சரியாக என்னை யாரும் சொன்னதில்லை.

ரேசர், பிரஷ், சோப்பு எல்லாம் கூரியரில் வந்தன. "இன்னா பார்சலு?" என்றார் வீட்டுக்காரர். "புக்கு" என்றேன். எடுத்துக்கொண்டுபோய் நாப்கின் பாக்கெட்டுக்குள் ஒளித்து வைத்தேன். எந்த ஆம்பளையும் கையை விடாத ஒரே இடம் அது.

புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு என் முதல் பாடம்: தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். எங்கள் ஃபிளாட்டில் வருவது போர் தண்ணீர். உப்பு. அதில் சோப்பைக் குழைத்தால் நுரை வராது, திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாக மிதக்கும். எனக்கு அது தெரியுமா? சோப்பு சரியில்லை என்று வேறு சோப்பு வாங்கினேன். பிரஷ் சரியில்லை என்று வேறு பிரஷ் வாங்கினேன். "புக்கு", "புக்கு" என்று பார்சல் வந்துகொண்டே இருந்தது. கடைசியில் அட்மின்தான், "அண்ணாத்த, எந்த ஏரியா? படூரா? அடப்பாவி, கேன் தண்ணில போட்டுப் பாரு" என்றார். குடிக்கிற கேன் தண்ணீரில் ஒரு டம்ளர் கொண்டுபோய்க் கலக்கினேன். கெட்டித்தயிர் மாதிரி நுரை எழும்பி நின்றது. சந்தோஷத்தில் அதைக் கொஞ்சம் மூக்கில்கூட வைத்துப் பார்த்துக்கொண்டேன்.

இரண்டாவது: அழுத்தாதீர்கள். இரும்பு ரேசருக்குச் சொந்தமாகவே கனம் உண்டு, அது போதும். நீங்கள் சும்மா பிடித்துக்கொண்டால் அது தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். எனக்கு இந்தப் பாடம் ஏறவே மூன்று மாதம் ஆயிற்று. பாத்திரம் தேய்க்கிற கை அல்லவா? எதைத் தொட்டாலும் அடிப்பிடித்த குழம்புச் சட்டியைத் தேய்க்கிற மாதிரியேதான் தொடும். மூன்றாவது, முடி எந்தப் பக்கம் படுத்திருக்கிறதோ அந்தப் பக்கமாகவே முதலில் இழுங்கள். விரலால் தடவிப் பார்த்தால் தெரியும். என் மோவாயில் வலது பக்கத்து முடி கீழ்நோக்கிப் போகிறது, இடது பக்கத்து முடி காதைப் பார்த்துப் போகிறது. ஒரே வீட்டில் இரண்டு கட்சி மாதிரி.

நான்காவது பாடத்தை எந்த ஆம்பளையும் உங்களுக்குச் சொல்ல மாட்டான், ஏனென்றால் எந்த ஆம்பளையும் இந்த மடத்தனத்தைச் செய்திருக்க மாட்டான். ஒரு வெள்ளிக்கிழமை. அம்மா செய்யூரிலிருந்து புது மஞ்சள் கொடுத்தனுப்பியிருந்தாள். அம்மா சொன்னதையும் கேட்போம், அட்மின் சொன்னதையும் கேட்போம், இரண்டு பேர் ஆசீர்வாதமும் இருக்கட்டும் என்று, முதலில் மஞ்சளைக் கெட்டியாகப் பூசி ஊறவைத்து, அரைகுறையாகக் கழுவிவிட்டு, அதன்மேல் பிரஷ்ஷால் நுரையைத் தேய்த்தேன். கண்ணாடியைப் பார்த்தால் நுரை முழுக்க ரத்தம். கழுத்தில் சிவப்பாக ஒழுகுகிறது. நான் இன்னும் ரேசரைக் கையில்கூட எடுக்கவில்லை! வீல் என்று கத்திவிட்டேன்.

வெளியே வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். "இன்னா? இன்னா ஆச்சு?"

"கரப்பாம்பூச்சி" என்றேன்.

அப்புறம்தான் புத்தி வந்தது. மஞ்சளில் சோப்புப் பட்டால் சிவக்கும். மஞ்சள்பட்ட ஜாக்கெட்டைத் துவைத்த எந்தப் பெண்ணுக்கும் தெரியும். நானும் இருபது வருஷமாகத் துவைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். துணியில் தெரிந்தது மூஞ்சியில் தெரியவில்லை. வெள்ளைத் துண்டை அன்றைக்கே குப்பையில் போட்டேன். அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தபோது என் முகம் பூசணிப்பழ நிறத்தில் இருந்தது. வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கடைச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நாலு வருஷத்தில் தேறிவிட்டேன். அப்படி இப்படி இல்லை, குழுவிலேயே பெரிய ஆள் ஆகிவிட்டேன். எந்தப் புது ஆள் வந்தாலும் அட்மின், "கலங்கரை விளக்கம் அண்ணாத்தயக் கேளு" என்று என்னிடம் தள்ளிவிடுவார். முகத்தில் வெட்டிக்கொண்டு வருபவனுக்குப் படிகாரம் தேய்க்கச் சொல்வேன், அழுத்துகிறவனைத் திட்டுவேன். ஒரு தடவை எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாமல்லபுரம் கடற்கரையில் சந்திப்பது என்று முடிவு செய்தார்கள். நான் காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். ஆனால் ஆசை யாரை விட்டது? "பீச்சுக்குப் போலாங்க" என்று வீட்டுக்காரரைக் கிளப்பிக்கொண்டு போய், இருபது அடி தள்ளி உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டே வேடிக்கை பார்த்தேன். தொப்பை வைத்த நான்கு ஆம்பளைகள் மணலில் துண்டை விரித்து, பிரஷ்களை வரிசையாக நிறுத்தி, சோப்பை மாற்றி மாற்றி மோந்துகொண்டிருந்தார்கள்.

அட்மினின் கண்ணில் என் வீட்டுக்காரரின் மூன்று நாள் தாடி பட்டுவிட்டது. எழுந்து நேராக எங்களிடமே வந்துவிட்டார். "அண்ணாத்த, ஷேவிங் பண்றதுல இன்ட்ரஸ்ட் கீதா?"

"எனக்கு எதுக்குபா? தெரு முக்குல சலூன் கீது" என்றார் இவர்.

"அப்டி சொல்லாத. எங்க குரூப்புல ஒருத்தரு கீறாரு. அவரு பேச்ச கேட்டா நீ சலூன் பக்கமே போவ மாட்ட. இன்னிக்கு அவருக்குக் காய்ச்சலாம், வரல."

"அவ்ளோ பெரிய ஆளா?"

"இன்னா அப்டி கேட்டுட்ட!"

நான் முந்தானையால் மோவாயை மூடிக்கொண்டு கடலைப் பார்த்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக என் முதுகுக்குப் பின்னால் ஒருவர் என்னைப் புகழ்கிறார், அதுவும் என் புருஷனிடம், அது நான்தான் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இப்படிப்பட்ட நிலைமையில்தான் ஐந்து நாள் ஆஸ்பத்திரி என்றார்கள். செங்கல்பட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. கூட இருக்க நாத்தனார் வருகிறேன் என்றாள். அவள் கண் ஸ்கேன் மிஷினையே தோற்கடிக்கும், வேண்டவே வேண்டாம் என்றேன். தனி அறை எடுத்து வீட்டுக்காரரே கூட இருப்பதாக முடிவாயிற்று. அவரை ஏமாற்றிப் பதினாறு வருஷ அனுபவம் இருக்கிறது, இன்னும் ஐந்து நாள் ஏமாற்ற முடியாதா? சேர்கிற அன்று காலையில் ஒரு சவரம். மூன்றாம் நாள் அவர் சாப்பாடு வாங்கப் போகும்போது ஒரு சவரம். திட்டம் பக்கா. நாப்கின் பாக்கெட்டில் எல்லாவற்றையும் வைத்துப் பையில் அடியில் திணித்தேன்.

ஆபரேஷனுக்கு முன்னால் வயிற்றை மழிக்க ஒரு ஆயா வந்தார். கையில் தூக்கிப்போடுகிற ரேசர். தண்ணீர் இல்லை, சோப்பு இல்லை, வறட்டு வயிற்றில் கீழிருந்து மேலாக ஒரு இழுப்பு. என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. "கொஞ்சம் தண்ணி தொட்டுக்கங்கம்மா."

"எனக்கே சொல்லித் தரியா? இருவது வருசமா இதான் பண்ணிகினு கீறேன்."

"முடி படுத்திருக்கிற பக்கமா இழுங்க. அழுத்தாதீங்க."

ஆயா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நீ இன்னா, சலூன் வெச்சிகினு கீறியா?"

இரண்டு நாள் தையல் வலியைவிட அந்த எரிச்சல்தான் அதிகமாக இருந்தது.

ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் கையால் மோவாயைத் தொட்டுப் பார்த்தேன். பரவாயில்லை. வாயில் வைத்த குழாய்க்கு ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பிய்த்தபோது ஒரு பக்கத்து முடி கொஞ்சம் அதோடு போயிருந்தது, அந்த வரைக்கும் லாபம். இரண்டாம் நாள் மாஸ்க் போட்டுக்கொண்டேன். "ஆஸ்பத்திரில எல்லா கிருமியும் இருக்கும்" என்றேன். மூன்றாம் நாள் மோவாய் சொரசொரவென்று வந்துவிட்டது. ஆனால் எழுந்து நிற்கவே இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. திட்டம் அவுட். படுக்கையில் மாஸ்க்கோடே தூங்கினேன், மாஸ்க்கைத் தூக்கித் தூக்கிக் கஞ்சி குடித்தேன். "அத்த கழட்டேன், மூச்சு முட்டிகினு சாவப் போற" என்று வீட்டுக்காரர் சொல்லிப் பார்த்தார். நான் கேட்கவில்லை. அவர் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

நான்காம் நாள் காலையில் நர்ஸ் நடக்கலாம் என்றாள். பாத்ரூமுக்குப் போனால் உள்ளே தாழ்ப்பாள் மட்டும் போடக்கூடாது, மயக்கம் வந்தால் கதவை உடைக்க முடியாது என்று கண்டிப்பாகச் சொன்னாள். அவள் போனதும் வீட்டுக்காரரிடம், "பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு கடைல காபி நல்லா இருக்குமே, அங்கேர்ந்து வாங்கிட்டு வாங்க" என்றேன். பக்கத்திலேயே காபி கிடைக்கும். தூரமாக அனுப்ப வேண்டும் என்பதுதான் கணக்கு. அவர் போன சத்தம் கேட்டதும் பையை எடுத்துக்கொண்டு சுவரைப் பிடித்துப் பிடித்துப் பாத்ரூமுக்குப் போனேன்.

மாஸ்க்கைக் கழற்றினேன். கண்ணாடியில் பார்த்தது யார் என்று சொல்லத் தேவையில்லை. நின்றால் தையல் இழுத்தது, அதனால் கழிப்பறை மூடியைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். முதலில் ரேசருக்குப் புது பிளேடு மாட்ட வேண்டும். வலது கையில் மருந்து ஏற்றுகிற ஊசி. விரல் மடங்கவில்லை. பிளேடைக் காகிதத்திலிருந்து உருவிக் கையில் பிடித்ததும் தலை சுற்றியது. ஒரு நிமிஷம் என்று சுவரில் சாய்ந்து கண்ணை மூடினேன். இடது கை மடியில், வலது கையில் வெறும் பிளேடு.

கதவு திறந்தது. "பிளாஸ்க்க மறந்து..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றார். அடுத்த நொடி என் மேல் பாய்ந்து பிளேடைப் பிடுங்கினார். அவர் விரலைக் கிழித்துக்கொண்டு அது தரையில் விழுந்தது. அவர் ஈரத் தரையிலேயே உட்கார்ந்து என் முழங்காலைக் கட்டிக்கொண்டார். "வேணாம். வேணாம்டி. வேணாம்."

எனக்கு அந்த நிமிஷத்தில் தோன்றியது என்ன தெரியுமா? ஐயோ, மாஸ்க் இல்லையே என்பதுதான். மோவாயைத் தோளில் புதைத்துக்கொண்டேன்.

"இன்னாங்க ஆச்சு உங்களுக்கு?"

"எதுக்குடி இப்டி பண்ண? எடுத்தா எடுத்துட்டுப் போறாங்க, போவட்டும். கொழந்த இல்லன்னு நான் ஒரு நாளாவது உன்ன எதனா சொல்லிகீறனா? சொல்லு, சொல்லிகீறனா?"

அப்போதுதான் உறைத்தது, அவர் கண்ணுக்கு நான் எப்படித் தெரிந்திருப்பேன் என்று. "ஐயோ, நான் சாவ வரலைங்க" என்றேன். "மூஞ்சி வழிக்க வந்தேன்."

"இன்னாது?"

"ஷேவிங்." வேறு வழியில்லாமல் மோவாயைத் தூக்கிக் காட்டினேன்.

அவர் பார்த்தார். கிட்டத்தில் வந்து பார்த்தார். ரத்தம் வராத கையின் விரலால் தடவிப் பார்த்தார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். பதினாறு வருஷமாக நான் பயந்தது இதற்குத்தான்.

"இது எப்பலேர்ந்து?"

"கல்யாணத்துக்கு முன்னாலேர்ந்து."

"காலைல கதவ சாத்திகினு, கொழாய தொறந்துவுட்டுகினு உள்ளயே இருப்பியே. இதுக்கா?"

"சுரண்டுற சத்தம் உங்களுக்குக் கேக்கக் கூடாதுன்னுதான் கொழாய்."

"நீ அழுவுறன்னு நெனச்சினு இருந்தேன்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. திரும்பக் கேட்டேன்.

"கதவ சாத்திகினு போயி அரை மணி நேரம் தண்ணிய வுட்டுகினு இருக்கிற. வெளிய வந்தா மூஞ்செல்லாம் செவந்து கெடக்குது. கண்ணு செவந்து கெடக்குது. ஒரு நாள் கத்துன, கேட்டா கரப்புன்னு சொன்ன. நம்ம வூட்ல எங்க கீது கரப்பு? கொழந்தைக்குத்தான் அழுவுறன்னு நெனச்சேன். தெனமும் வெளிய படுத்துகினு கேட்டுகினு இருப்பேன்."

"இத்தன வருஷமாவா?"

"ஆமா."

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா கொழந்தன்னு சொல்லுவ. அதுக்கு என்கிட்ட இன்னா பதில் கீது?"

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். கதவுக்கு உள்ளே நான் நுரை கெட்டியாக வந்ததற்குச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன், கதவுக்கு வெளியே இந்த மனுஷன் ஒவ்வொரு நாளும் விடியும்போதே மனசு உடைந்து படுத்திருந்திருக்கிறார். இதைவிடப் பெரிய முட்டாள்தனம் எவளாவது செய்திருப்பாளா? நாற்பது முடிக்காக!

அவர் விரலில் ரத்தம் நிற்கவில்லை. நாப்கின் பாக்கெட்டிலிருந்து படிகாரத்தை எடுத்துத் தண்ணீரில் நனைத்து வெட்டில் வைத்து அழுத்தினேன். "ஆ!" என்று கத்தினார். "எரியும், ஆனா நின்னுடும்" என்றேன். நின்றது. துணியைச் சுற்றிக் கட்டினேன். அவர் எழுந்து பாக்கெட்டுக்குள் எட்டிப் பார்த்து பிரஷ், சோப்பு, கிண்ணம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார்.

"இவ்ளோ புக்கா?" என்றார்.

தையல் பிய்ந்துவிடும் போல சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

"எப்டின்னு சொல்லு. நான் பண்ணி வுடறேன்."

வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. சரி என்று பாடத்தை ஆரம்பித்தேன். என் வாழ்க்கையில் எத்தனையோ பேருக்கு எழுத்தில் சொல்லிக்கொடுத்த பாடம், முதல் தடவையாக வாயால். ரேசரில் வேறொரு புது பிளேடை மாட்டச் சொன்னேன். குடிக்கிற தண்ணீரைக் கொஞ்சம் கிண்ணத்தில் ஊற்றச் சொன்னேன். பிரஷ்ஷை சோப்பில் சுற்றி, கிண்ணத்தில் கலக்கச் சொன்னேன். அவர் டீ ஆற்றுகிற வேகத்தில் கலக்கினார். "மெதுவா, மெதுவா. கொமுளி வரக் கூடாது, தயிர் மாதிரி வரணும்." வந்தது. முகத்தில் தடவினார். மூக்குக்குள்ளும் கொஞ்சம் போயிற்று. "வெட்டின விரல மடக்கிக்கங்க. ரேசரக் கைப்பிடி நுனில புடிங்க. அழுத்தாதீங்க, அதுவே போவும். இந்தப் பக்கம் கீழ இழுக்கணும், அந்தப் பக்கம் காதப் பாத்து இழுக்கணும். தோல இழுத்துப் புடிச்சுக்கங்க. நான் இனிமே வாய தொறக்க மாட்டேன், பேச்சு குடுக்காதீங்க, சோப்பு உள்ள போயிடும்."

அவர் என் மோவாயைக் கட்டைவிரலால் பிடித்துத் தூக்கினார். கிளட்ச் ஒயர் மாட்டுகிற கை. முதல் இழுப்பிலேயே அழுத்தினார், "ம்ம்!" என்று உறுமினேன். இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவது இழுப்பில் ரேசர் தானாகப் போயிற்று, சர்ரென்று மெல்லிய சத்தம். இவ்வளவு வருஷம் அவர் காதில் விழக்கூடாது என்று குழாயைத் திறந்துவிட்ட சத்தம். அவர் தலையைச் சாய்த்து அதைக் கேட்டார். வலது பக்கம் முடிந்தது. ரேசரைத் தண்ணீரில் அலசினார். இடது பக்கத்துக்குத் திரும்புமுன் நின்றார்.

"அப்போ ஒரு நாள்கூட அழுவலையா நீ?"

இல்லை என்று தலையாட்டியிருக்கலாம். அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பொய் சொல்லப் பழகிய வாய்தானே எனக்கு. ஆனால் பாதி மழித்த முகத்தோடு பொய் வரவில்லை.

"அழுதேன்" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு. "பாத்ரூம்ல இல்ல. காலேஜில. லைப்ரரில பழைய கொஸ்டின் பேப்பர் கட்டி வெச்சிருக்கிற அலமாரிக்குப் பின்னால. அங்க யாரும் வர மாட்டாங்க."

"எதுக்கு?"

"நீங்க நெனச்சதுக்குத்தான்."

ரேசர் அந்தரத்தில் நின்றது. வெளியே வராந்தாவில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். அவர் ரேசரைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், நுரை இருந்த பக்கத்தையும் இல்லாத பக்கத்தையும்.

"கடைலேர்ந்து உன் காலேஜுக்கு வண்டில பத்து நிமிசம்டி" என்றார். "ஒரு போன் பண்ணியிருந்தா வந்திருப்பேன்ல?"

வாயைத் திறக்கக் கூடாது என்று சொன்னவள் நான்தான். திறந்தேன். ஓவென்று அழுதேன். சோப்பு உள்ளே போயிற்று.